மாறியது மட்டும்

மலை உச்சியிலிருக்கும் வானிலை நிலையத்தின் கணினி, அன்று காலை அவள் அனுப்பிய டெல்டாவை ஏற்க மறுத்துவிட்டது. அந்த மலைக்குப் போகும் இணைப்பு ரொம்ப மெல்லியது. லினக்ஸ் மென்பொருளின் புதுப்பிப்பை முழுசாக அனுப்பினால் பொழுது சாயும்வரை வேறெதுவும் போகாது, தொலைபேசிகூட. அதனால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் டெல்டாவாக அனுப்புவாள். அதைத் தன்னிடமுள்ள பழையதோடு சேர்த்து, அந்தக் கணினியே புதியதைக் கட்டிக்கொள்ளும். இன்றைக்கோ, அங்கிருக்கும் பழைய கோப்பு இவளிடமுள்ள பழையதோடு பொருந்தவில்லை என்றது திரை.

"அங்க யாரோ கை வச்சிருக்காங்க சார்."

பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரைத் தவிர அங்க யாரும்மா இருக்கா? ரெண்டும் ஒத்துப்போகலன்னுதான் அது சொல்லுது. மாறினது அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது. பனிக்காலம் முழுக்க அங்கே தனியாக இருக்கிறான் மனுஷன். தனிமை அவனைத் தின்றுவிடுமோ என்று அவளுக்கு எப்போதும் பயம். தொலைபேசியிலும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் டெல்டா பழக்கம்தான். மாறினதைச் சொல்லிவிட்டு, மத்ததெல்லாம் அப்படியே என்று முடித்துவிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அலுவலகமே கேலி செய்யும். முழுசாக அனுப்பத் தொடங்கினால் பேச முடியாதே என்று முதலில் அவனைக் கூப்பிட்டாள்.

"இருமல் விட்டிருச்சு. கதவுத் தாழ்ப்பாளைச் சரி பண்ணிட்டேன். அவன் இப்பல்லாம் நல்லாத் தூங்கறான். மத்ததெல்லாம் அப்படியே."

"எவன்?"

"என்ன கேள்வி இது?" கோபமில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டான்.

"மாறினது மட்டும் வேணாங்க. எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னான். கல்யாணமான புதிதில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை, விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி, அதில் அவள் ஒட்டிய காக்கித் தாள், அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவன் கருக்கிய பால். மயிரிழைகூடப் பிசகவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று மூச்சு விட்டாள்.

"மெத்தை ஒண்ணுதான். ஜன்னலோரம் நீ, சுவரோரம் நான், நடுவுல அவன். அவன் மேல பொரண்டுடுவோமோன்னு ரெண்டு பேரும் அசையாமப் படுப்போமே, ஞாபகமில்லையா?"

"இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த அறையில் இரண்டே பேர்தான். யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள். ஆனால் அந்த மெத்தை கண்முன் வந்து நின்றது. புது மணமக்கள், பல் கிட்டிக்கும் குளிர், இருந்த போர்வையோ ஒன்று. அப்படியும் அவள் ஜன்னலோடு ஒட்டி ஒடுங்கிக் கிடக்கிறாள், அவன் சுவரோடு. போர்வை நடுவில் மட்டும் லேசாக மேடிட்டிருக்கிறது.