நெய்தல் நிலத்துச் சிரிப்பு

கணவன் ரமீஸ் இறந்தபின் வீட்டினுள் இருந்து கழித்த இத்தாக் காலம் முடிந்து, முதல் சனிக்கிழமை. அந்தி நேரத்து மஃரிபு தொழுது எழுந்த நஃபீசா காலணியை மாட்டிக்கொண்டாள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அன்று திரை கட்டிப் பழைய ஆங்கிலேய நகைச்சுவைப் படம் ஒன்றைக் காட்டுகிறார்கள்.

ரமீஸின் அக்காள் ஷமீமா வாசலை மறித்தாள். “கடைக்குப் போ, யாரு வேணாங்கிறா? தம்பி மௌத்தாகி ஈரம் காயல, அதுக்குள்ள சிரிப்புப் படமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“அல்லாஹ் விதிச்ச இத்தாவ ஒரு நாள் குறையாம இருந்துட்டேன், மதினி. நாலு பேரு விதிக்கிற இத்தாவ இருக்க மாட்டேன்.”

தனியே விட மனமின்றி ஷமீமாவும் அதே டாக்சியில் ஏறினாள்.

கடற்கரையை இரங்கலுக்கு உரிய நிலமாக வகுத்தனர் பழம்புலவர். பிரிந்தவனை எண்ணிப் புன்னை நிழலில் புலம்புகிறவளுக்கு அங்கே என்றும் இடமுண்டு. புலம்ப மறுப்பவளுக்கு ஒரு துறையும் வகுக்கப்படவில்லை. ஷமீமா அந்த இலக்கணம் கற்றவளல்லள். ஆயினும் அதையே எதிர்பார்த்தாள்.

திரையில் கறுப்பு வெள்ளையாய் ஓர் இங்கிலாந்துக் கடலோர ஊர். தன் விடுதியை இடிக்க வந்த நகரத் தலைவரைக் கரையிலேயே தேநீர் அருந்த அமர்த்துகிறாள் விடுதிக்காரி. பேச்சு நீள்கிறது, அலை ஏறுகிறது. துணி நாற்காலியோடு அவரைக் கடல் தூக்கிச் செல்ல, அவரோ தண்ணீரின் நடுவே தொப்பியைக் கழற்றி மரியாதையாக விடைபெறுகிறார்.

நஃபீசாவின் அடிவயிற்றில் சிரிப்பு மூண்டது. முன்வரிசையிலோ ஃபர்சானா. அதே அடுக்குமாடி புளோக்குக்காரி, அவள் காதில் விழுந்தது விடிவதற்குள் புக்கிட் மேரா வட்டாரம் முழுதும் சென்றுவிடும். முக்காட்டின் நுனி வாய்வரை போயிற்று. பிறகு அதைக் கையிலிருந்து நழுவவிட்டாள். நழுவவிட்டுச் சிரித்தாள்: உடல் குலுங்க, கண்ணீர் வழிய, ரமீஸ் இருந்த நாளில் சிரித்ததைவிட உரக்க.

ஃபர்சானா திரும்பினாள். “லாத்தா! அழறீங்களா?”

“இல்லலா. சிரிக்கிறேன். நல்லாப் பாத்துக்க.”

ஷமீமா அவள் முழங்கையைப் பற்றினாள். “எந்திரி, வீட்டுக்கு. யாக்கூப் காக்காகிட்டச் சொல்லப்போறேன்.” யாக்கூப் அக்குடும்பத்தின் மூத்தவர், அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு எழுந்ததில்லை.

“சொல்லுங்க. படத்துல எந்த இடத்துல அவ சிரிச்சான்னு கேப்பாரு. அதுக்காச்சும் படத்தப் பாருங்க, மதினி. வந்ததுலேருந்து மணலத்தான முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?”

நஃபீசா எழுந்தாள். வீட்டுத் திசையில் அல்ல. ஃபர்சானாவையும் கடந்து, திரைக்கு வெகு அருகில் சென்று வெறும் மணலில் சம்மணமிட்டாள். நகரத் தலைவர் மீண்டும் கரையேற முயன்றார். அலை காலை வாரியது. கூட்டம் சிரிக்குமுன் அவள் சிரிப்பு எழுந்தது.