ஆணியில் தொங்கிய கடி

மைனா ரொட்டியைத் தின்ற அன்று ஷோஹிஸ்தாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை.

அது சும்மா ரொட்டி இல்லை. கிரேன் ஓட்ட ரஷ்யாவில் கசானுக்குப் போன அன்று அவள் கணவன் மிர்ஸோஹித் வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி. தாஷ்கண்டில் தூரம் போகிற எல்லோரும் அப்படித்தான் போவார்கள். மிச்சத்தை ஆணியில் மாட்டி வைப்பார்கள். போனவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். இலையுதிர் காலத்திலிருந்து அது பால்கனிச் சுவரில் தொங்கியது. வசந்தத்தில் ஊரடங்கு வந்து விமானங்கள் நின்றன. அவன் அங்கே, கடி இங்கே.

ஊரடங்கில் ஊரே சமைத்தது. ஷோஹிஸ்தாவும் கீரை வைத்த சம்சா சுட்டாள், மாவைத் திரட்டி லக்மான் நூடுல்ஸ் இழுத்தாள். மாமியார் ஹுர்ரியத் எல்லாவற்றிலும் உப்பைக் குறை சொல்லிவிட்டு இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள். மற்ற நேரத்தில் படிக்க வீட்டில் இருந்தது ஒரே புத்தகம். மிர்ஸோஹித்துக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்து, அவன் பிரித்தே பார்க்காத பறவைப் புத்தகம். அதைப் படிக்க ஆரம்பித்த பிறகு அவளால் பால்கனியை விட்டு நகர முடியவில்லை. ஆப்ரிகாட் மரத்தில் ஆண் தவிட்டுப்புறா தலையை ஆட்டி ஆட்டிப் பெட்டையைச் சுற்றி வந்தது. பெட்டை அது பாட்டுக்கு இரை பொறுக்கப் போய்விட்டது. அதை அவள் சலிக்காமல் பார்த்தாள். பால்கனியை மூடியிருந்த கண்ணாடி அழுக்காக இருந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்தாள். கொண்டலாத்தி வரும் என்று காத்திருந்தாள். அடுப்படிக்குப் போய் வந்த இடைவெளியில் மைனா வந்துவிட்டது.

மறந்துதான் மூடாமல் விட்டாளா? இத்தனை மாதமாகக் கட்டிலின் நடுவில் கை காலைப் பரப்பித் தூங்கியவள் அவள். தேநீர் ஆறிப்போனதற்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் கொக்கியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் இதெல்லாம் கூடவே வந்தது.

யோசிக்க நேரமும் இல்லை. சாயங்காலம் அவன் வீடியோவில் கூப்பிடுவான், ரொட்டியைக் காட்டச் சொல்வான். ரொட்டி போனால் ஆள் வரமாட்டான் என்று மாமியார் அழுது தீர்த்துவிடுவாள். மாமியார் மதியம் தூங்கும்போது ஷோஹிஸ்தா புது ரொட்டி சுட்டு, அடுப்பிலேயே கல்லாகும் வரை காய விட்டாள். மைனா விட்டுவைத்த துண்டில் கடித்த தடம் அப்படியே இருந்தது, அரிவாள் மாதிரி சீரான வளைவு. குளியலறைக் கண்ணாடி முன் நின்று அதே மாதிரி கடித்தாள். தாடை வலித்தது. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன் வந்தது.

"என்ன சமையல் இன்னிக்கு?"

"லக்மான்."

"இங்க தினமும் முட்டைக்கோசு. அது போகட்டும், ரொட்டி பத்திரமா இருக்கா? காட்டு."

காட்டினாள்.

"என் கடியேதான். பாத்தாலே தெரியுது பாரு," என்று நெகிழ்ந்துபோய்ச் சிரித்தான்.

அப்போதுதான் பார்த்தாள். அவன் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, தீக்குச்சி தாராளமாக நுழையும். ரொட்டியில் சந்தே இல்லை. அவள் கடித்ததில் இல்லை, சரி. அவள் பார்த்துக் கடித்த பழைய துண்டிலும் இல்லையே.

போனை வைத்ததும் பின்னாலிருந்து ஹுர்ரியத்தின் குரல் வந்தது.

"நல்லாத்தான் கடிச்சிருக்க, கெலின்." மருமகள் அவளுக்குக் கெலின்; மாமியார் இவளுக்கு ஓயி, அதாவது அம்மா.

"ஓயி, மைனா வந்து..."

"தெரியும். முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன்."

"அப்போ முன்னாடி தொங்கினது?"

"என் பல்செட்டு. குளிர்காலத்துல ஒருநாள் போன்ல உன்னை வாய்க்கு வந்தபடி பேசினானே, அன்னிக்கு வந்த கோவத்துல அவன் ரொட்டியைத் தேநீர்ல ஊறவெச்சுத் தின்னுட்டேன். வயித்துல இறங்கினப்புறம் பயம் புடிச்சுக்கிச்சு. வேற ஒண்ணு கடிச்சு மாட்டினேன். பல்செட்டு அதுலயே மாட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு."

ஷோஹிஸ்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் சிரிக்கவில்லை.

"நான் மாட்டினதை நீ தினம் துடைச்சே. கட்டின புருஷன் பல்லு எப்படி இருக்கும்னு ஒருநாளாவது தோணலையா உனக்கு?"

புறாவின் கழுத்தில் எத்தனை கறுப்புப் புள்ளி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"தோணல, ஓயி."

"அவன் திரும்பி வரணுமா, வேணாமா? நிஜத்தைச் சொல்லு. நான் அவனைப் பெத்தவதான், ஆனா கூட இருந்து பாத்தவளும்கூட."



"தெரியல. ஆனா அந்தச் சந்தை இன்னொரு தடவை பாக்கணும் போல இருக்கு."

"அது போதும் இப்போதைக்கு," என்று ஹுர்ரியத் ஆணியிலிருந்து ரொட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "நடுவுல கொஞ்சம் விட்டுக் கடிக்கணும். போய் இன்னொண்ணு சுடு. இதை மைனாவுக்குப் போட்டுடு, பாவம், அரைவயிறோட போயிருக்கும்."

ஷோஹிஸ்தா மாவு எடுக்கப் போனாள். உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். மிர்ஸோஹித்துக்கு அப்படித்தான் பிடிக்கும். அது மட்டும் எப்படியோ நினைவிருந்தது.