சொல்லாமல் விட்ட இரண்டு நாள்

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்த கையோடு அவளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். துறைத்தலைவரின் மின்னஞ்சல் பாஸ்வேர்டை வெளியாருக்குக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம்; மூன்று மணிக்குப் பதிவாளர் அறைக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாகப் பல்கலைக்கழகத்தின் அந்தத் துறையில் ஒப்பந்த எழுத்தராக இருக்கிறாள். படித்து முடிப்பதற்குள் அவளுக்குக் காது மடல் சுட்டது.

பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்ததே துறைத்தலைவர்தான். "நீங்களே திறந்து பாத்து பதில் போட்டுடுங்கம்மா, எனக்கு ஏது நேரம்" என்று சொல்லி, அதை மஞ்சள் சீட்டில் எழுதி அவள் மேசையில் ஒட்டிவிட்டுப் போனவர்.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு மெயில் வந்திருந்தது. அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இன்றைக்குள் உறுதி செய்யாவிட்டால் மூடிவிடுவோம் என்று. அனுப்பியவர் முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்திருந்ததைக் கவனித்து, அவள் எழுந்து அவர் அறைக்கே போனாள்.

"சார், கணினி மையத்துலேர்ந்து வந்த மாதிரி ஒரு மெயில் இருக்கு. அது போலி. போன்ல பாத்தாலும் அமுக்கிடாதீங்க."

"எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்மா. போய் வருகைப் பதிவேட்டை முடிங்க."

அன்று நண்பகலில் அவர் முகவரியிலிருந்து நானூறு மாணவர்களுக்கு மெயில் போயிருக்கிறது: உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளது, கீழே உள்ள இணைப்பில் பாஸ்வேர்டைக் கொடுத்து உறுதி செய்யவும். அவளுக்கு அது தெரியவில்லை. அனுப்பியவர்கள் தடம் தெரியாமல் அழித்திருந்தார்கள்.

அவளுக்குத் தெரிய வந்தது புதன்கிழமை, தங்கை மகள் மூலம். அதே துறையில் கடைசி வருடம் படிக்கிறவள், முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள். செவ்வாய் மாலை இணைப்பைத் திறந்து பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். விடிந்து பார்த்தால், அவள் பெயரில் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் கூசிப்போகும்படியான செய்திகள். கடைசி வருட ஆய்வுக்காக நாற்பது செவிலியர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்து அந்தக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை.

"ஏன்டி கொடுத்தே?"

"உங்க ஆபீஸ்லேர்ந்து வந்த மெயில்தானே பெரியம்மா. அதான் நம்பினேன்."

அந்த வார்த்தை அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது இந்தக் கடிதம் வேறு.

மூன்று மணி வரை காத்திருக்க அவள் தயாராக இல்லை. நேரே கணினி மையத்துக்குப் போனாள். அங்கிருந்த பொறியாளர் அவளைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு நெளிந்தார்.

"பெரிய இடத்து விவகாரம்மா. என்னை ஏன் இழுக்கறீங்க?"

"உங்களை இழுக்கல. அவர் கணக்குல யாரு எப்ப நுழைஞ்சாங்கன்னு பதிவாகியிருக்கும்ல, அந்தப் பேப்பரைக் கேக்கறேன்."

"அதைப் பதிவாளர் கேட்டாத்தான் தர முடியும்."

"அப்ப மூணு மணிக்கு அதை எடுத்துக்கிட்டு வாங்க. அவரைக் கேக்க வைக்கறது என் பொறுப்பு."

பதிவாளர் அறையில் துறைத்தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நாற்காலி காட்டவில்லை.

"என் பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க என்னை விட்டா இவங்க ஒருத்தர்தான்" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

"சார், வெறும் பாஸ்வேர்ட் இருந்தா புதுசா ஒரு இடத்திலேர்ந்து உள்ளே போக முடியாது. இவர் போன்ல அனுமதி கேக்கும். அந்த அனுமதியைக் கொடுத்தது யாருன்னு கேளுங்க" என்றாள் பதிவாளரிடம்.

பதிவாளர், சொன்னபடி வந்து வாசலருகே நின்றிருந்த பொறியாளரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை விரித்தார். திங்கள் பதினொன்று நாற்பதுக்குத் துறைத்தலைவரின் போனிலிருந்து அனுமதி போயிருக்கிறது. அன்றே மூன்று மணிக்கு, அதே போனிலிருந்து பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருக்கிறது. செவ்வாயன்று பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யாதது ஏன் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அவள் துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"ஏதோ சந்தேகமா இருந்தது, மாத்தினேன். அதை ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் சார்" என்றார் பொறியாளர், தலையைக் குனிந்தபடி. "அந்த இணைப்பைப் பத்து நிமிஷத்துல அடைச்சிருப்போம்."

அவளுக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்தது.

"நீங்க ஏமாந்தது குத்தம்னு நான் சொல்லல சார். யாரும் ஏமாறலாம். ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, அந்த ரெண்டு நாள்லதான் பிள்ளைங்க மாட்டினாங்க. மாட்டினதும் பழியைத் தூக்கி என் தலையில போட்டீங்க. உங்க கௌரவத்துக்கு நான்தான் கிடைச்சேனா?"

பதிவாளர் சமாதானம் பேசினார். "சரி, உங்க மேல தப்பில்ல. இதோட விட்டுடுவோம். தொழில்நுட்பக் கோளாறுன்னு மாணவர்களுக்கு ஒரு அறிவிப்பு அடிச்சுக் கொண்டாங்க."

அவள் போய் அடித்துக்கொண்டு வந்தாள். அதில் கோளாறு என்ற சொல்லே இல்லை. துறைத்தலைவர் பெயரில் திங்களன்று வந்த மெயில் போலி. அவரது கணக்கு திருடு போனது. பாஸ்வேர்ட் கொடுத்தவர்கள் உடனே மாற்றிவிட்டுக் கணினி மையத்துக்கு வரவும், யாரும் திட்டமாட்டார்கள் என்று ஐந்தே வரி.

"கையெழுத்துப் போடுங்க சார். இல்லேன்னா என் பேர்லயே அனுப்பிடுவேன்" என்று அதைப் பதிவாளர் முன் வைத்தாள்.

"உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அவள் தன் இருக்கைக்குப் போய், தன் பெயரிலேயே நானூறு பேருக்கும் அனுப்பினாள்.

சாயங்காலத்துக்குள் கணினி மையத்து வராந்தாவில் அறுபத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். பயந்து, வெட்கப்பட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள். பொறியாளர் ஒவ்வொருவர் கணக்காகப் பூட்டித் திறந்து கொடுத்தார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்; ஆனால் அவளை விளையாட்டுச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். துறைத்தலைவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஒலிப்பதிவுகள் திரும்பக் கிடைக்கவேயில்லை. தங்கை மகள் ஒரு வாரம் அழுதுவிட்டு, மறுபடி மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தாள். பழைய நாற்பது பேரில் பதினேழு பேர் இரண்டாம் முறையும் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.