வானிலைக் கட்டம்

பேருந்து ஓட்டுநர் தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் அந்த டிப்போவின் வாசலை மறந்துவிட வேண்டியதுதான். பதினோரு வருடம் சலவைக்கடை வேன் ஓட்டியவள். கடையை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"டெஸ்ட் எடுக்கறவர் என்ன சொன்னாலும் தலையாட்டு," என்று காலையில் போனில் சொன்னான் அண்ணன். அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிறவன். "வாயை வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வா."

"சாவியை நீ வச்சுக்கறியாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

தேர்வில் நீரேற்று நிலையம் வரை ஓட்டிப் போய்த் திரும்ப நாற்பது நிமிடம்தான் கெடு. முந்தைய இரண்டு முறையும் மூன்று, நான்கு நிமிடம் தாமதமானதில் சக போட்டியாளர்கள் அவளுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று அவளுடைய முறைதான் முதலில். தேர்வாளர் முன்சீட்டில் தாள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிப்போவை விட்டுக் கிளம்பியபோது பனி லேசான புகைமாதிரிதான் இருந்தது. ஏரிச்சாலையில் திரும்பியதும் உலகத்தை யாரோ துடைத்துவிட்டார்கள்.

அவள் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். குளிர் அறைந்தது. பார்வை போன இடத்தில் காதையாவது வைக்கலாமே. சாலையோரத்து வெள்ளைக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். மற்ற நாட்களில் எட்டாவது கம்பம்வரை தெரியும். இப்போது இரண்டு. வேகத்தை இருபதுக்கு இறக்கினாள்.

"பிரைட் போடும்மா. ஒண்ணும் தெரியல."

"போட்டா இருக்கறதும் தெரியாது சார். வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பும். டிம்லயே இருக்கட்டும்."

பின்னாலிருந்து வந்த லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி அவர்களைத் தாண்டிப் போனது.

"பாரு, அவன் போறான்ல? அந்தச் சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்கிட்டே போ. நேரம் ஓடுது."

"அவருக்கு மட்டும் ரோடு தெரியுதுன்னு யாரு சொன்னா? அவர் பள்ளத்துல இறங்கினா நானும் பின்னாடியே இறங்கணுமா?"

தேர்வாளர் தாளில் எதையோ குறித்தார். பேனா கீறுவது அவளுக்குக் கேட்டது. வேலை போகிற சத்தம் இப்படித்தான் இருக்கும்போல. கால் மட்டும் ஆக்ஸிலேட்டர் பக்கம் போகவில்லை.

கம்பம் ஒன்றாகக் குறைந்தது. இடப்பக்கம் பெட்ரோல் பங்கின் மஞ்சள் விளக்கு மங்கலாகத் தெரிந்ததும் இண்டிகேட்டரைப் போட்டு, சாலையை முழுக்க விட்டு உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"யாரு நிறுத்தச் சொன்னா?" அவர் குரல் உயர்ந்தது. "நான் சொல்லாம நிறுத்தினா நேரா ஃபெயில். தெரியும்ல?"

"தெரியும் சார். இந்த வண்டியில நாளைக்கு அறுபது பேர் உக்காருவாங்க. நிறுத்த வேண்டிய இடத்துல நான் அவங்ககிட்டயும் கேக்க மாட்டேன்."

பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள். அதற்குள் ஏழெட்டு வண்டிகள் பனிக்குள் பாய்ந்து போயின. எதுவும் மோதவில்லை, எங்கும் அலறல் கேட்கவில்லை.

"பாத்தியா? அத்தனை பேரும் போனாங்க. ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தானே சார் டிரைவர்னு ஒருத்தரை உக்கார வைக்கிறீங்க?"

மூன்று கம்பம் தெரிந்த பிறகே வண்டியை எடுத்தாள். போய்த் திரும்பி வந்து சேர மொத்தம் ஐம்பத்தெட்டு நிமிடம். பனி அவர்களுக்கு முன்னாலேயே டிப்போவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அலுவலக அறையில் அடுத்த ஐந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். தேர்வாளர் கறுப்புப் பேனாவால் 'தாமதம், அனுமதியின்றி நிறுத்தம், தோல்வி' என்று எழுதித் தாளை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடு."

துணி மூட்டை வாங்கும்போதெல்லாம் சீட்டை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டே பழகியவள். மேலிருந்து படித்தாள். வானிலை என்ற கட்டத்தில், ஊதா மையில், வேறு யாருடைய உருண்டைக் கையெழுத்திலோ 'தெளிவு' என்றிருந்தது. அட்டையிலிருந்த மற்ற ஐந்து தாள்களைப் புரட்டினாள். இன்னும் ஓட்டாத ஐந்து பேருக்கும் தெளிவு.

"இதை எப்ப சார் எழுதினாங்க?"

"திங்கக்கிழமையே கிளார்க் வாரம் முழுக்க எழுதி வச்சிடுவாரு. அதையெல்லாம் யாரு பாக்கறா?"

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள். ஒன்பதாவதைச் சத்தமாகவே படித்தாள்: "ஐம்பது மீட்டருக்குமேல் சாலை தெரியாத மூடுபனியில் தேர்வு நடத்தலாகாது. நடந்திருந்தால் அது முயற்சியாகக் கணக்கில் சேராது."

பெஞ்சில் காத்திருந்தவர்களில் லாரி ஓட்டும் ஒருவர்தான் முதலில் எரிந்து விழுந்தார். "யக்கா, போட்டுட்டு எந்திரிங்க. உங்களால எங்க டெஸ்டும் நின்னுடும். நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"ஜன்னலைத் திறந்து டிப்போ கேட்டு எங்க இருக்குன்னு பாருங்கண்ணே. தெரிஞ்சா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் வேகமாக எழுந்து போய்த் தலையை வெளியே நீட்டினார். வெகுநேரம் அப்படியே நின்றார். "கேட்டா?" என்றார் கடைசியில். "நான் நிறுத்தின பைக்கையே காணோம்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"இதை நான் மாத்தினா மேல கேள்வி வரும்மா."

"வரட்டும் சார். மாத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாயங்காலம்வரைக்கும் இங்கேயே உக்காந்திருப்பேன்." நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு 'தெளிவு' என்பதைக் குறுக்கே அடித்து 'மூடுபனி' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். 'தோல்வி'யையும் அடித்தார். "வியாழக்கிழமை வா. அன்னைக்காவது நத்தை மாதிரி ஊராதே."

"வெயிலடிச்சா நாப்பது நிமிஷத்துல வரேன் சார். பனி இருந்தா நத்தைதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கைப்பைக்குள் போன் அடித்தது. அண்ணன்.

"என்ன ஆச்சு? தலையாட்டினியா?"

"ஆட்டினேண்ணே," என்றாள், சுவரைத் தடவியபடி கேட்டைத் தேடி நடந்துகொண்டே. "கடைசிவரைக்கும் பக்கவாட்டுலதான்."