கலிங்கில் அடித்த வலை

அந்த மண் அணை குடும்பச் சொத்து. அப்பா கட்டியது. கரையில் ஓர் எலி வளை தோண்டினாலும் அன்றைக்கே மண் போட்டு இடித்து அடைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படியொரு பிள்ளையா என்று அக்கா நினைக்காத நாளில்லை.

தம்பி அணையில் மீன் விட்டிருந்தான். மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரும் வருங்காலச் சம்பந்தியைத் தூண்டில் போடவைத்து அசத்த வேண்டுமாம். மீன் தப்பக்கூடாதென்று, நிறைந்த தண்ணீர் வெளியேறும் கலிங்கின் வாயில் கம்பி வலை அடித்து வைத்தான். அதன் முன்னால் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டான்.

விடாத மழை. வைக்கோலும் தழையும் வந்து வலையில் அப்பிக்கொள்ள, கலிங்கு அடைத்துக்கொண்டது. கரை விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. தண்ணீர் மேலேறி வழிந்தால் மண் கரை கரைந்துவிடும். கீழே கோழிப்பண்ணைக்காரரின் வீடு.

அவரே நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"அந்த வலைய எடுத்துடுங்க தம்பி. கீழ புள்ளைங்க இருக்கு."

"இது எங்கப்பா கட்டின அணை. உங்க கோழிக்கூண்டுன்னு நெனச்சீங்களா?" தம்பி குடைக்குள்ளிருந்து கேட்டான். காலில் சேறு காணாத புது ரப்பர் பூட்ஸ்.

"நீங்க போய்ப் புள்ளைங்கள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"வலைய அறுடா."

"மீன் பூரா போயிடும்க்கா. சம்பந்தி வந்தா எதக் காட்டுறது?"

"ஒன் மூஞ்சியக் காட்டு. அதுவும் வாயத் தெறந்துக்கிட்டு மீன் மாதிரிதான் இருக்கு."

"மழை இப்ப விட்டுடும்."

"ஆமா, ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான பெய்யுது."

அதற்குமேல் பேச்சு வீண். கொட்டகையிலிருந்து கம்பி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து, கலிங்கின் பக்கச் சுவரில் மண்டியிட்டு ஒவ்வொரு கம்பியாக நறுக்கினாள். ஒரு முனை உள்ளங்கையைக் கிழித்தது. வலை குப்பையோடு பிய்த்துக்கொண்டு போக, பின்னாலேயே மீன்கள் போயின. தம்பி அவற்றை வழியனுப்புகிறவன் போலக் குடையோடு நின்றான். இருட்டுவதற்குள் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது.

ஞாயிறு காலை கோழிப்பண்ணைக்காரர் ஒரு வாளி மீனோடு வந்தார்.

"எங்க வாய்க்கால்ல கெடந்துச்சும்மா. வலைய யாரு அறுத்தது?"

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. தம்பியை அவள் திட்டுவது வேறு. வெளியாள் அவனை வாயில் போட்டு மெல்லுவது வேறு.

"தம்பிதான். நீங்க போனதும் யோசிச்சான்" என்றாள், திண்ணையில் தம்பி கேட்டுக்கொண்டிருக்க.

"யோசிச்சாரா?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க யோசிப்பாங்க."

அவர் அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுப் போனார்.

மதியம் சம்பந்தியின் தட்டில் அந்த மீன்தான் பொரித்து வைத்திருந்தது. "தண்ணி இடுப்பளவு. யாரும் கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டு எறங்கினேன்" என்று தம்பி கையை வீசி வெட்டிக் காட்டினான். குரல்கூடத் தழுதழுத்தது.

அக்கா இடது கையால் இன்னொரு துண்டு வைத்தாள். பொய்யைச் சொன்னவள் அவள். அதை நம்பியவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.