சிவப்பு இறக்கையின் பக்கம்

...இன்னொரு தடவை இறக்கையை இடித்தால் விமானத்துக்கு ஒட்டுப்போடுகிற பிசின்காரர் சிரிப்பார், அதுதானா என் முதல் கவலை, இல்லை, முதல் கவலை அக்கா, பிசின்காரர் ஏற்கெனவே சிரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், என்ன சார், மறுபடியும் அதே கன்னமா, அந்தத் தூணுக்கும் உங்க இறக்கைக்கும் பேசாம கல்யாணம் பண்ணி வெச்சுடுங்க, சும்மா சும்மா வந்து முத்தம் குடுத்துட்டுப் போக வேணாம் பாருங்க, என்று சொல்லிக்கொண்டே விரிசலின் முனையில் பொடியாக ஒரு துளை போட்டார், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்குமாம், துளையைப் பார்த்தால் நின்றுவிடுமாம், எனக்குள்ளேயும் ஒன்று ஓடுகிறது, அதற்கு எங்கே துளை போடுவீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, அவர் போட்டுவிடக்கூடிய ஆள். இழைத்துணி வைத்துப் பிசின் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்து, நுனி ஃபைபர், அதனால தப்பிச்சீங்க சார், பின்னால இருக்குற அசையற தகட்டுல பட்டிருந்தா பட்டி வெச்சு மூடவே முடியாது, எடை மாறிடும், மேல போனதும் நடுங்க ஆரம்பிச்சுடும், என்று பயமுறுத்திவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். இப்போது விரலால் தடவிப் பார்க்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் விரல் அங்கேயே போகிறது, அடைத்த பல்லைத் தேடி நாக்கு போகிற மாதிரி. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, விமானம் வெளியே நிற்கிறது, ஹேங்கருக்குள், அந்தத் தகரக் கொட்டகைக்குள் தள்ள வேண்டும், தனியாகத் தள்ளலாம்தான், ஆனால் அக்கா வருகிறேன் என்றிருக்கிறாள். தொலைபேசியில் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, நீ உள்ள தள்றதை நான் பாக்கணும், இன்னைக்கும் இடிச்சேன்னா வித்துடலாம்டா, பாதி என்னுது, நான் சொல்றேன். பாதி அவளுடையதுதான், அவள் வீட்டுக்காரர் அத்தானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினது. எந்தப் பாதி என்று கேட்டிருந்தால் சிவப்புப் பாதி என்றுதான் சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரியாமலேயே.

ஏனென்றால் இடது வலது என்றால் எங்களுக்குச் சண்டை வரும், எனக்கும் அத்தானுக்கும். விமானத்தைப் பின்னோக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும், வால் முதலில் போகும், மூக்குச் சக்கரத்தில் இழுகம்பியை மாட்டிக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறவனுக்கு விமானத்தின் இடது தன்னுடைய வலது, முதல் தடவையே அவர் இடது என்று கத்த நான் வலது என்று கேட்க, இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் ஓடினோம், அதற்கப்புறம் அத்தான்தான் சொன்னார், மாப்ளே, இனிமே நமக்கு இடதும் கிடையாது வலதும் கிடையாது, இறக்கை நுனிக்கு நுனி விளக்கு இருக்கே, பச்சை உன்னுது, சிவப்பு என்னுது. அவ்வளவுதான் சட்டம். நான் கம்பியைப் பிடித்துத் தள்ளுவேன், கண் பச்சை நுனியில் இருக்கும், அவர் சிவப்பு நுனிக்குப் பக்கத்தில் நடப்பார், வா... வா... வா... என்று இழுத்து இழுத்து ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே வருவார், கடைசியில் போதும் என்பார், நான் நிறுத்துவேன், நான் ஒரு தடவைகூட சிவப்புப் பக்கம் பார்த்ததில்லை, எதற்குப் பார்க்க வேண்டும், அங்கேதான் அவர் இருக்கிறாரே. அத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. பறக்கிறவர்கள் கூடுகிற தேநீர் மேஜையில் நான் அதைப் பற்றிப் பெரிய சொற்பொழிவே நடத்தியிருக்கிறேன், ஹேங்கரில் படுகிற காயமெல்லாம் கவனக்குறைவு சார், சுத்தக் கவனக்குறைவு, எங்க வண்டியைப் பாருங்க, என்று, அத்தான் பக்கத்தில் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டுவார், ஆமாமா, மாப்ளே கெட்டிக்காரன். வானத்திலிருந்து விழுந்தெல்லாம் அவர் போகவில்லை. சோபாவில், செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது போனார், தொலைக்காட்சியை யாரும் அணைக்காததால் வானிலை அறிக்கை வரைக்கும் அது அவரிடம் பேசிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம்தான் சிவப்பு நுனி அடிபட ஆரம்பித்தது. நான் சும்மா இருக்கவில்லை, தரையில் மஞ்சள் கோடு போட்டேன், சக்கரம் அதன் மேலேயே வந்தால் போதும் என்று, உத்தரத்திலிருந்து கயிற்றில் ரப்பர் பந்து ஒன்று தொங்கவிட்டேன், அது வால் நுனியைத் தொட்டால் நிறுத்து என்று அர்த்தம், சக்கரத்துக்குக் கட்டை செய்தேன், இறக்கையின் பின்விளிம்புக்கெல்லாம் மெத்தை சுற்றினேன், இறக்கைக்காக இல்லை, என் நெற்றிக்காக. தூணுக்கு ஸ்பாஞ்சு கட்டினேன், அளந்துதான் கட்டினேன், ஆனால் அளந்த அன்று டேங்க் நிறைய எரிபொருள், பறந்துவிட்டு வந்தால் பாரம் குறைந்து விமானம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது, இறக்கை ஸ்பாஞ்சுக்கு மேலே போய், தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட்டின் தலையைத் தேடிப்பிடித்து முட்டுகிறது, இவ்வளவு பெரிய தூணில் அந்த ஒரு போல்ட்டைத்தான். இதெல்லாம் பிசின்காரரிடம் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. போன தடவை தள்ளும்போது நான் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் எனக்குக் கேட்டது. வா... வா... வா... நன்றாக, அந்தப் பக்கத்திலிருந்து, அதே சுருதியில். எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது, அப்பாடா வந்துட்டாரு என்று, பச்சை நுனியைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன், வா... வா... போதும் வரட்டும் என்று தள்ளினேன், போதும் வரவே இல்லை, டொக் என்றுதான் வந்தது. வா மட்டும் சொல்கிற பேய் எங்கேயாவது உண்டா, அரைகுறை வேலை பார்க்கிறவரா அவர், உயிரோடு இருந்தபோது அப்படி இல்லையே... விமானத்தை விற்றால் அந்தக் குரல் எங்கே போகும், வாங்கினவனுக்கு வா சொல்லுமா, இல்லை, காலி ஹேங்கரில் கதவைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு நிற்குமா, அக்காவிடம் இதைச் சொன்னால் முதலில் என்னை விற்பாள்.

வந்துவிட்டாள். கார் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே தெரியும், எதையும் ஒரே சாத்தில் சாத்துவாள். அத்தான் போனபிறகு இன்றைக்குத்தான் ஹேங்கருக்குள் கால் வைக்கிறாள், மழைக்கோட்டோடு, சுற்றிலும் பார்க்கிறாள், பந்து, கோடு, மெத்தை, ஸ்பாஞ்சு. என்னடா இது, குழந்தை நடை பழகுற வீடு மாதிரி பண்ணி வெச்சிருக்க. எல்லாம் தற்காப்பு நடவடிக்கை, அக்கா. இவ்வளவும் பண்ணிட்டு இடிச்சிருக்கியே, அதுக்குத் தனியா ஒரு திறமை வேணும்டா. சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அவர் எங்க நிப்பாரு, என்று கேட்டாள். தூணைக் காட்டினேன். போய் நின்றாள், இறக்கை நுனி வந்து நிற்கிற இடத்துக்கும் தூணுக்கும் நடுவில், அங்கே நான் ஒருநாளும் நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள், இந்தப் பக்கம் வாட்டமா இருக்கே, தண்ணி போறதுக்கா. ஆமா. அப்போ வண்டி கடைசியில இந்தப் பக்கம் சாஞ்சு வருமே, மஞ்சக் கோடு என்ன பண்ணும். குனிந்து பார்த்தேன், வாட்டம் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அவள் ஸ்பாஞ்சுக்கு மேலே இருந்த போல்ட்டைத் தொட்டாள். தூணில் மற்ற போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடக்க, அது ஒன்று மட்டும் தேய்ந்து மினுமினுத்தது. ஓ, இதானா அது, என்றாள்.

எது, அக்கா?

அவரு புறங்கை. எப்பப் பாத்தாலும் விரல் முட்டியில தோலுரிஞ்சு கன்னிப்போயிருக்கும். கேட்டா, கார் கதவுல இடிச்சுக்கிட்டேம்பாரு. வாராவாரம் கார் கதவுல கையை இடிச்சுக்கற மனுஷன் எங்கயாவது இருப்பானா, நானும் நம்பி, களிம்பு போட்டுக்கிட்டே கண்ணு எங்க போச்சுன்னு திட்டுவேன்.

புறங்கை போல்ட்டின் மேல், உள்ளங்கை இறக்கையை வாங்கிக்கொள்ள. அவள் செய்து காட்டவில்லை, எனக்கே தெரிந்தது, அத்தனை வருஷமும் அந்த இடுக்கில் ஒரு கை இருந்தது, வா... வா... என்று குரல் என்னிடம் சொல்ல, கை இறக்கையை வாங்கிப் பச்சைப் பக்கம் திருப்பித் தள்ளியிருக்கிறது, போதும் என்றது இறக்கைக்குப் போதும் என்று இல்லை, கைக்குப் போதும் என்று... அப்புறம் அதே கையைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் மேஜையில் தலையாட்டியிருக்கிறார், நான் அதை அவருடைய ஸ்டைல் என்று நினைத்தேன், கண்ணாடி முன் நின்று நானும் அப்படிக் கையைப் பையில் போட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பொருந்தவில்லை. ஏன் சொல்லவில்லை, மாப்ளே நீ கோணலாத் தள்றடா என்று ஒரு வார்த்தை... சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், வாதாடியிருப்பேன், கோடு போட்டு நிரூபித்திருப்பேன்.

முதல் துளி தகரத்தில் விழுந்தது. தள்ளுடா, நனையுது, என்றாள். ஸ்பாஞ்சை அவிழ்த்து மேலே ஏற்றி, போல்ட்டை மூடி, டேப் சுற்றினேன், துருவில் டேப் ஒட்டுவேனா என்றது, அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அக்கா, நீ சும்மா சொன்னாப் போதும், கையை மட்டும் குடுத்துடாதே. எனக்கென்ன பைத்தியமா, போடா. இழுகம்பியைப் பிடித்தேன், தள்ளினேன், வால் உள்ளே போயிற்று, இன்றைக்குச் சிவப்பைத்தான் பார்ப்பது என்று தலையைத் திருப்பினேன், கழுத்துக்கே அது புதுசு, சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது, ஆனால் வெளிச்சத்தில் நின்று இருட்டைப் பார்க்கிறேன், சிவப்புக் கண்ணாடி ஒரு பொட்டு மாதிரித் தெரிந்து இருட்டுக்குள் போய்விட்டது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை, அப்போது ஆரம்பித்தாள், வா... வா... வா... யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதே இழுப்பு, அதே சுருதி, ஒரு வீட்டில் அத்தனை வருஷம் இருந்தால் இதுவும் ஒட்டிக்கொள்ளுமா, ஒரு குரல்தானா, இரண்டா, கால் தானாகத் தள்ளுகிறது, தரை சாய்வது இப்போது காலுக்கே தெரிகிறது, வண்டி அவள் பக்கம் போகிறது, நிறுத்தலாமா, வா... வா... என்கிறாளே, டொக் வரப்போகிறது, பல்லைக் கடித்துக்கொண்டேன்...

போதும், என்றாள்.

டொக் இல்லை. கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு ஓடினேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், நுனி காலையில் பிசின்காரர் விட்டுப்போன மாதிரியே, ஒரு கீறல் இல்லை, கன்னம் வழுவழுவென்று இருந்தது. ஸ்பாஞ்சு தூணின் அடியில் கிடந்தது, டேப்போடு. அக்கா அதற்குள் கதவுப் பக்கம் போய்விட்டிருந்தாள், மழையைப் பார்த்துக்கொண்டு, வலது கை கோட்டுப் பைக்குள். அக்கா, கையைக் காட்டு. எதுக்கு? சும்மா காட்டேன். மழை வலுக்குது, பூட்டுடா முதல்ல. பூட்டினேன். அடுத்த தடவை எப்பப் பறக்கப் போற, என்றாள், என்னைப் பார்க்காமல், சொல்லு, தள்றதுக்கு ஆள் வேணும்ல. விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாவியை நீட்டினேன், என் அக்கா, சின்ன வயதிலிருந்து வலது கையாலேயே என் மண்டையில் குட்டி வளர்த்தவள், கையைப் பையிலிருந்து எடுக்காமல், இடது கையால் வாங்கிக்கொண்டாள்...