கதவு எந்தப் பக்கம்

நான்கு வருடத்தில் ஆறாவது முறையாக என் வீடு ரயிலேறியது. ஒரு மலையில் மரம் தீர்ந்ததும் மரம் வெட்டுகிற எங்கள் முகாமே கிளம்பிவிடும். வீடுகளைத் திறந்த சரக்குப் பெட்டிகளில் ஏற்றி, புதுத் தண்டவாளத்தின் கோடிவரை இழுத்துப்போய், நீராவி எந்திரத்தின் கம்பியால் பக்கவாட்டில் இழுத்து இறக்குவார்கள். எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "பீங்கானெல்லாம் கட்டியாச்சா?"

இந்த முறை நான் ஒன்று கேட்டேன். மூன்று வாரம் முன்பே, மேலாளர் மெக்கார்டிலிடம்.

"சார், எங்க வீட்டுக் கதவு தண்டவாளத்தைப் பாத்து இருக்கக் கூடாது."

"பாத்துக்கலாம்மா."

பழைய இடத்தில் வாசற்படிக்கும் தண்டவாளத்துக்கும் நாலு எட்டுதான். என் மகன் எஸ்பெனுக்கு இரண்டரை வயது. விசில் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய்த் தண்டவாளத்தில் நின்று கையாட்டுவான். எஞ்சின் ஓட்டுவது அவன் அப்பா ஹால்வர்தான். ஆனால் பின்னால் பத்துப் பெட்டி மரம் தள்ளும்போது எந்த அப்பாவாலும் நிறுத்த முடியாது. மார்ச் மாதம் ஒருநாள் நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது எஞ்சின் என் பாவாடையை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவனை மேசைக்காலில் கயிற்றால் கட்டி வைக்கிறேன். பிள்ளையா, ஆட்டுக்குட்டியா?

புது இடத்தில் வண்டி நின்றது. வலப்பக்கம் செங்குத்தான பாறை. வீடு இறங்க இடப்பக்கம்தான் இடம். என் கதவோ வலப்பக்கம். அப்படியே இறக்கினால் மறுபடி தண்டவாளத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

நான் இறங்கவில்லை. பெட்டியின் மேல் இருந்த வீட்டுக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்தேன்.

"தாயே, இறங்குங்க," என்றார் மெக்கார்டில். "பின்னாடி காலிப் பெட்டி முப்பது நிக்குது."

"வீட்டைத் திருப்புங்க, இறங்கறேன்."

"வீட்டைத் திருப்பணும்னா பெட்டியைத் திருப்பணும். அதுக்கு ஒன்பது மைல் கீழ, வண்டி திருப்புற இடத்துக்குப் போகணும்!"

"போங்க. நான் எங்கயும் ஓடிடல."

ஹால்வர் கையைத் துடைத்தபடி வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "இங்கா, அவர் என் மேலாளர்."

"இவன் உன் மகன்."

அவன் எஞ்சினுக்கே திரும்பிப் போய்விட்டான்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் வீட்டை அந்தரத்தில் தூக்கிச் சுழற்றலாம் என்றான். ஒருவன் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் கம்பியைச் சுற்றி இழுக்கலாம் என்று குச்சியால் மண்ணில் படம் போட்டான். இன்னொருவன் அந்தப் படத்தை மிதித்து அழித்துவிட்டு வேறு போட்டான்.

"பேசாம பையனோட கயிறை நீளமாக்கிட்டா என்ன?" என்றான் மரம் அறுக்கும் வெய்க்கோ.

"முதல்ல உன்னைக் கட்டிப் பாக்கறேன், வா இங்க."

சிரித்தார்கள். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. வெய்க்கோவும் அவன் அண்ணன் ஆர்வோவும் பத்தடி அகல மரத்தை மூன்று நாளில் சாய்ப்பவர்கள். ஆளுக்கொரு பக்கம் தங்கள் நீள ரம்பத்தில் சாய்ந்துகொண்டு தாடையைச் சொறிந்தார்கள். அப்போதுதான் அந்த ரம்பம் என் கண்ணில் பட்டது.

"வெய்க்கோ, அது என்ன?"

"ரம்பம்."

"எதுக்கு?"

"மரம் அறுக்கத்தான். ஏம்மா?"

"என் வீட்டை எதால கட்டியிருக்கு?"

நான் அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்துப்போய், எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கட்டம் போட்டேன்.

"இதை அறுங்க. கதவைக் கழட்டி இங்க மாட்டுங்க. அந்த ஓட்டையைப் பலகை வச்சு அடைங்க. எஸ்பென் வீட்டைச் சுத்தி வர்றதுக்குள்ள நான் பிடிச்சுக்குவேன்."

வெய்க்கோ சுவரைத் தட்டிப் பார்த்தான். "ஒரு அங்குலப் பலகை. இதுக்கு இந்த ரம்பம் ரொம்பப் பெரிசு."

"அப்ப சின்னதா ஒண்ணு எடுத்துட்டு வாயேன்டா!"

மெக்கார்டில் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இதை மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தேன். வைத்த வேகத்தில் மூடி உருண்டு கீழே போனது.

மாலைக்குள் வீடு இறங்கியது. முன்பக்க ஓட்டையைப் பலகையால் அடைத்தார்கள். அவர்கள் அடித்த ஆணி போதாதென்று நானும் ஒரு வரிசை அடித்தேன்.

மறுநாள் காலை விசில் ஊதியது. கயிற்றில் கட்டாமல் விட்டிருந்த எஸ்பென் பழைய கதவு இருந்த பக்கத்துக்கே ஓடினான். கதவைக் காணோம். பலகையை இரண்டு கையாலும் குத்திக் கத்தினான். சட்டென்று அழுகையை நிறுத்தி, திரும்பிப் புதுக்கதவைப் பார்த்தான். புரிந்துவிட்டது. எடுத்தான் ஓட்டம்.

பின்வாசலின் இரண்டாம் படியில் அவனைப் பிடித்தேன். வீட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாக மரம் போய்க்கொண்டிருந்தது. என் மணிக்கட்டை நறுக்கென்று கடித்தான். கடிக்கட்டும். கடைசிப் பெட்டி போகும்வரை நான் விடவில்லை.